மேசைவாளும் அதன் வழிச்சட்டமும்

நிலத்தை விட்டு எழும்பி வந்த உழவனுக்கு முதலிற் கைகொடுப்பது கையிலுள்ள வேறொரு தொழில். 1990 யூன் மாதத்தில் மூண்ட போரின்போதும், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனங்கள் திரள்திரளாக வெளியேறிய காலத்திலும் இதையே கண்டோம். வயல் செய்தவர்களிற் பலர் மேசன் வேலைக்கும் தச்சு வேலைக்கும் போனார்கள். வீட்டுத் திட்டங்கள் வந்தபோது நிலையும் கதவும் யன்னலும் தேவைப்பட்டன. 2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாக் கரையில் உல்லாச விடுதிகள் எழுந்தன. அங்கே கட்டிலும் கதிரையும் தேவைப்பட்டன. அப்படிக் கற்ற தொழில் இன்று சில வீடுகளில், முற்றத்துக் கொட்டிலுக்குள் ஒரு மேசைவாளாக நிற்கிறது.

மேசைவாள் என்பது நாம் அறிந்ததே. ஒரு மேசை, அதன் கீழே மோட்டர், மேசையின் நடுப்பிளவால் வெளியே தெரியும் வட்டவாள். மரத்தைத் தள்ளினால் வாள் அரியும். இதில் மோட்டரைப் பற்றிக் கேட்பவர் பலர். எத்தனை குதிரைவலு, எந்த நாட்டு மோட்டர், வாளுக்கு எத்தனை பல் என்று விசாரிப்பார்கள். மரத்தை நேராகப் பிடித்துக் கொடுக்கும் சட்டத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. பட்டறைக்காரர் அதை ‘பென்ஸ்’ என்பார்கள். வாளுக்கு வலப்பக்கத்தில், வாளோடு ஒருபோக்காக நிற்பது அது. பலகையின் ஓரத்தை அதில் அணைத்துக்கொண்டு தள்ளினால், சட்டத்துக்கும் வாளுக்கும் இடையிலுள்ள அகலம் எவ்வளவோ அவ்வளவு அகலத்தில் மரம் கீறிவரும். இந்தப் பாடத்தில் அதை வழிச்சட்டம் என்று சொல்லுவோம். உங்களிடம் இப்போது இருக்கும் வழிச்சட்டத்தை எடுத்துவிட்டு, நமது ஊர் வெல்டிங் கடையிலேயே திருத்தமான ஒன்றைச் செய்து பூட்டுவது எப்படி என்பதே பாடம்.

முதலில் நட்டக் கணக்கைப் பார்ப்போம்

9 அங்குல அகலப் பலகை ஒன்றிலிருந்து 2 அங்குலச் சட்டங்கள் கீற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாள் ஒவ்வொரு கீறலுக்கும் ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலத்தைத் தூளாக்கும். நான்கு சட்டத்துக்கு 8 அங்குலம், நான்கு கீறலுக்கு அரை அங்குலம், ஆக எட்டரை. மிச்சமுள்ள அரை அங்குலம் பலகையின் ஓரத்தை நேராக்கப் போதும். ஒரு பலகையில் நான்கு சட்டம் தாராளமாக வரும்.

வழிச்சட்டம் ஆடினால் என்ன நடக்கும்? கீறி வரும் சட்டம் ஒரு முனையில் 2 அங்குலமும் மறுமுனையில் ஒன்றேமுக்கால் அங்குலமுமாக இருக்கும். இதை அனுபவத்தால் அறிந்தவர், பிறகு சீவுளி போட்டு ஒப்பேற்றலாம் என்று இரண்டேகால் அங்குலமாகக் கீறுவார். இரண்டேகால் நான்கு முறை 9 அங்குலம். வாள் தின்னும் தூளுக்கு அப்போது இடமில்லை. ஆகவே அதே பலகையில் மூன்று சட்டந்தான் கிடைக்கும். 12 சட்டம் வேண்டியவர் மூன்று பலகைக்குப் பதிலாக நான்கு பலகை வாங்குகிறார். அதற்கு மேல் ஒவ்வொரு சட்டத்தையும் கையால் சீவ ஒரு பொழுது போகிறது. மரக்காலைக்குப் போய் முதிரைக்கும் தேக்குக்கும் விலை கேட்டவருக்கு இந்த நாலாவது பலகை எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

மற்ற நட்டம் இதைவிடப் பெரியது. வட்டவாள் சுழலும் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 10 அங்குல வாள் நிமிடத்துக்கு 2,880 முறை சுற்றுமானால் அதன் பல்லின் நுனி ஒரு விநாடியில் 38 மீற்றர் ஓடுகிறது. மணிக்கு 138 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் உதயதேவி இந்த வேகத்தை எட்டியதில்லை. வாளின் முன்பக்கப் பற்கள், அதாவது நாம் நிற்கும் பக்கத்துப் பற்கள், கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அமுக்குகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழும்புகின்றன. மரம் பின்பக்கத்தில் வாளுக்கும் வழிச்சட்டத்துக்கும் இடையில் இறுகிவிட்டால், எழும்பும் பற்கள் அதைத் தூக்கி, வாளின் தலைக்கு மேலாக நம்மை நோக்கி எறியும். எறிவது ஏறத்தாழ அந்த 138 கிலோமீற்றர் வேகத்தில். வயிற்றில் அடித்தால் குடல் கிழியலாம். மரம் பறக்கும் அதே கணத்தில், அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிடிமானம் இழந்து வாளின் மேல் விழும். மேசைவாளில் விரல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். என்றாவது வயலுக்குத் திரும்பும்போது மண்வெட்டி பிடிக்கப் பத்து விரலும் வேண்டும் அல்லவா?

பழைய சட்டத்தின் குற்றம்

நமது கொட்டில்களில் இரண்டு விதமான வழிச்சட்டங்களைக் காணலாம். ஒன்று, நேரான ஒரு மரத்துண்டை மேசையின் முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு ஜி-கிளாம்பால் இறுக்குவது. மற்றது, கடையில் வாங்கிய அல்லது நிவாரணமாகக் கிடைத்த சிறிய இயந்திரத்தோடு வரும் மெல்லிய அலுமினியச் சட்டம். இரண்டாவதைக் கையால் தள்ளிப் பார்த்தால் நாணல்போல் வளையும். முதலாவது வளையாது, ஆனால் அதில் வேறொரு வில்லங்கம் உண்டு. ஒவ்வொரு முறை அளவு மாற்றும்போதும் முன் முனையையும் பின் முனையையும் தனித்தனியே அளந்து நிறுத்த வேண்டும். முன்னுக்கு 2 அங்குலம் வைத்து, பின்னுக்குப் போய் 2 அங்குலம் வைக்கும்போது முன்னுக்கு வைத்தது அரக்கிவிடும். அவசர வேலையில் பின்பக்கத்தை யாரும் அளப்பதில்லை. கண்மட்டத்தில் இறுக்குவார்கள். அந்தக் கண்மட்டந்தான் மரத்தை எறிகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை அன்று. அமெரிக்கப் பட்டறைகளிலும் முன்னும் பின்னும் பூட்டும் சட்டங்களே நெடுங்காலம் இருந்தன. அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த பில் பீஸ்மேயர் என்பவர் இதற்கு ஒரு மாற்றுச் செய்தார். 1980களில் அது எங்கும் பரவியது. படம் வரைவோர் பலகையின் ஓரத்தில் வைத்து நகர்த்தும் ‘ரீ’ மட்டத்தை நீங்கள் பாடசாலையிலோ நில அளவைக் கந்தோரிலோ பார்த்திருப்பீர்கள். அதன் தலை பலகையின் ஓரத்தை அணைத்திருக்கும். தலை நேராக நின்றால் நீண்ட கோலும் நேராக நிற்கும். பீஸ்மேயரின் சட்டமும் அதே தத்துவந்தான். அகலமான தலை ஒன்று மேசையின் முன்பக்கத்து இரும்பை அணைத்துக்கொள்ளும். ஒரே ஒரு பூட்டு, அதுவும் முன்பக்கத்தில். பின்பக்கத்தில் பூட்டே கிடையாது. இன்று விலையுயர்ந்த மேசைவாள்கள் பலவற்றில் இந்த அமைப்பையோ இதன் சாயலையோ காணலாம். நாம் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. தத்துவத்தை எடுத்துக்கொண்டு, கிடைக்கும் இரும்பில் செய்வோம்.

செய்யும் விதம்

மேசை 3 அடி அகலம், முன்னிருந்து பின்னுக்கு ஏறத்தாழ 27 அங்குலம் என்று வைத்துக்கொண்டு அளவுகளைத் தருகிறேன். உங்கள் மேசைக்கு ஏற்றபடி நீளங்களை மாற்றலாம், இரும்பின் தடிப்பை மட்டும் குறைக்க வேண்டாம்.

முதலில் தண்டவாளம். ஒன்றரை அங்குலச் சதுரப் பொக்ஸ் பார், 3 மில்லிமீற்றர் தடிப்புள்ளது, நாலரை அடி நீளம் வாங்குங்கள். கடையில் வைத்தே அதன் ஒரு முனையிலிருந்து கண்ணை ஓட்டிப் பார்த்து நேரானதைத் தெரியுங்கள். வளைந்த இரும்பை வெல்டிங்கால் நேராக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். இதைத் தாங்க 3 அங்குல அங்கிள் இரும்பு அதே நீளத்தில் வேண்டும். அங்கிளின் ஒரு பக்கத்தை மேசையின் முன்விளிம்பில் போல்டால் பூட்டுங்கள். மற்றப் பக்கம் நம்மை நோக்கித் தட்டுப்போல நீண்டு நிற்கும். அந்தத் தட்டின் வெளி ஓரத்தில் பொக்ஸ் பாரை வைத்தால் மேசைக்கும் அதற்கும் இடையில் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி அவசியம். பொக்ஸ் பாரின் மேல்முகம் மேசையின் மேல்முகத்திலிருந்து கால் அங்குலம் பதிந்திருக்கட்டும்.

பொக்ஸ் பாரை அங்கிளோடு முழுநீளத்துக்கும் வெல்ட் பண்ணக் கூடாது. சூட்டில் இரும்பு இழுபட்டு வில்லாக வளையும். ஒரு சாணுக்கு ஒன்றாகச் சிறு பொட்டுக்கள் போதும். அதையும் வரிசையாக வைக்காமல், ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று, பின்பு நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றி, ஆறவிட்டு வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் செய்பவர் அவசரப்படுவார். பக்கத்தில் நின்று கொள்ளுங்கள்.

இரண்டாவது தலை. 3 அங்குலச் சனல் இரும்பில் 15 அங்குலத் துண்டு ஒன்று. இதன் வெட்டுமுகம் நமது ‘ப’ எழுத்தைப் போன்றது. ‘ப’வைக் கவிழ்த்துத் தண்டவாளத்தின் மேல் தொப்பிபோல வைக்க வேண்டும். சனலின் உட்புறம் தண்டவாளத்தைவிட அகலமாக இருப்பதால் அது இரண்டு பக்கமும் ஆடும். ஆடட்டும். மேசைப் பக்கமாக உள்ள காலில், இரண்டு முனைகளுக்கும் கிட்ட, ஒவ்வொரு 8 மில்லிமீற்றர் போல்ட் உள்நோக்கி வரவேண்டும். இரண்டுக்கும் இடையில் ஓர் அடிக்குக் குறையாத தூரம் இருக்கட்டும். இவற்றின் முனைகளே தண்டவாளத்தில் முட்டி நிற்பவை. வேண்டிய அளவு உள்ளே வெளியே திருகி நட்டால் இறுக்கிவிடக் கூடியதாக இருக்க வேண்டும். நம் பக்கமாக உள்ள காலில், சரி நடுவில், ஒரு 12 மில்லிமீற்றர் நட்டை வெல்ட் பண்ணி, அதற்குள் நீண்ட போல்ட் ஒன்றைச் செலுத்துங்கள். போல்டின் தலையில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியை ஒட்டினால் கைப்பிடியாகும். இதுவே பூட்டு. இதைத் திருகும்போது தலை முழுவதும் நம் பக்கமாக இழுபட்டு, பின்னுள்ள இரண்டு போல்ட்களும் தண்டவாளத்தை இறுகப் பிடிக்கும்.

பின்னுக்கு இரண்டு, முன்னுக்கு ஒன்று, ஆக மூன்று இடத்தில் மட்டும் பிடி. ஏன் மூன்று? அடுப்புக்கு மூன்று கல் வைக்கிறோம். நிலம் மேடுபள்ளமாக இருந்தாலும் பானை ஆடுவதில்லை. நாலுகால் வாங்கில் ஒரு கால் எப்போதும் எழும்பி நிற்கும். சனலின் முழுநீளமும் தண்டவாளத்தில் முட்டினால் இரும்பிலுள்ள சிறு மேடும் தூசும் அதை ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோணத்தில் நிறுத்தும். மூன்று புள்ளியில் நிற்பது ஆயிரம் முறை நகர்த்தினாலும் அதே கோணத்தில் வந்து நிற்கும். இந்த ஓர் இடத்தைத்தான் கடையிற் செய்து தருபவருக்கு நன்றாக விளங்கப்படுத்த வேண்டும். அவர் நல்லெண்ணத்தோடு நாலாவது போல்ட் ஒன்றைச் சேர்த்துவிடக் கூடும்.

மூன்றாவது உடல். 2 அங்குலத்துக்கு 3 அங்குலப் பொக்ஸ் பார், 3 மில்லிமீற்றர் தடிப்பு, 3 அடி நீளம். 3 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்க, தலையின் மேல் நடுவில் வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டுமுன் மூலைமட்டம் பார்ப்பதற்கு, மேசன்மார் அத்திவாரத்துக்குப் பார்க்கும் கணக்கையே பயன்படுத்தலாம். மூலையிலிருந்து தண்டவாளம் வழியே 18 அங்குலம், உடல் வழியே 24 அங்குலம் குறித்தால், குறுக்கே 30 அங்குலம் வரவேண்டும். மயிரிழை பிசகினாலும் பரவாயில்லை, பின்னாலுள்ள இரண்டு போல்ட்களைத் திருகிச் சரிசெய்யலாம். தலையின் உட்கூரையில் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்ரிக் துண்டு இரண்டை ஒட்டினால் அது தண்டவாளத்தில் வழுக்கி ஓடும், உடலும் மேசைக்கு மேலே கொஞ்சம் எழும்பி நிற்கும். சமையலறையில் பழுதாய்ப்போன பிளாஸ்ரிக் வெட்டுப்பலகை இதற்கு நல்லது. உடலின் பின்முனைக்கு அடியிலும் ஒரு மெல்லிய துண்டு வேண்டும்.

கடைசியாக முகம். இரும்பில் நேரே மரத்தை உராய விடாமல், முக்கால் அங்குல ஒட்டுப்பலகை அல்லது நன்றாகக் காய்ந்த நேர்மரம் ஒன்றை உடலின் வாள்பக்கத்தில் போல்டால் பூட்டுங்கள். போல்டின் தலை மரத்துக்குள் புதைந்திருக்க வேண்டும். உயரம் மூன்றரை அங்குலம் போதும். அதன் அடி, மேசையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் மெல்லிய சீவல்கள் அடியிற் புகுந்து சட்டத்தைத் தூக்கும். மூலைமட்டத்தை மேசையில் நிறுத்தி, முகம் செங்குத்தாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சரிந்திருந்தால் முகத்துக்கும் உடலுக்கும் இடையில் கடதாசி வைத்து நிமிர்த்தலாம்.

வாவிக் காற்றும் கடற்காற்றும் இரும்பைச் சும்மா விடா. தொடும் இடங்களைத் தவிர்த்து மற்றெல்லாவற்றுக்கும் துருத்தடுப்பு மையும் மேற்பூச்சும் இரண்டு முறை கொடுங்கள். தண்டவாளத்தின் மேலேயும் பின்னேயும் மெழுகு பூசித் துணியால் தேய்த்து விடுங்கள். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டு போதும். கேட்டால் எந்தச் சுவாமியும் தருவார்.

ஒருபோக்குப் பார்த்தல்

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது.

வாளை முழு உயரத்துக்கு எழுப்பி, ஒரு பல்லில் பென்சிலால் அல்லது சோக்கால் அடையாளம் வையுங்கள். அந்தப் பல்லைக் கையால் சுற்றி, மேசையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பல்லின் நுனிக்கும் வழிச்சட்டத்தின் முகத்துக்கும் இடையில் அளந்து கொள்ளுங்கள். பிறகு அதே பல்லைப் பின்பக்கத்துக்குச் சுற்றி, அங்கும் அளவுங்கள். வேறு பல்லை அளக்க வேண்டாம். பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று இடமும் வலமும் சரிந்திருக்கும். வாளும் சில வேளை சற்றே கோணலாக இருக்கும். ஒரே பல்லை அளந்தால் அந்தப் பிழைகள் கணக்கில் வரா. அடிமட்டத்தால் அளப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு மரக்குச்சியை முன்பக்கத்து இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும்படி சீவி, அதே குச்சியைப் பின்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கும் அதேபோலத் தொட்டுக்கொண்டு போனால் சட்டம் ஒருபோக்காக நிற்கிறது.

பின்பக்கத்தில் குச்சி நுழையவில்லை என்றால் சட்டம் வாளை நோக்கிச் சரிந்திருக்கிறது. இதுதான் ஆபத்தான சரிவு. சட்டத்தைத் தூக்கி எடுத்து, பின்போல்ட்களில் ஒன்றைக் கால்சுற்றுத் திருகி, மீண்டும் வைத்துப் பூட்டி அளவுங்கள். எந்தப் போல்டை எந்தப் பக்கம் திருகுவது என்பது இரண்டு முறை செய்யும்போது கைக்குத் தெரிந்துவிடும். பின்பக்கம் ஒரு கொப்பித்தாளின் தடிப்பு அகன்றிருந்தால் நல்லதே. இரண்டு தாள் என்றாலும் பரவாயில்லை. ஒடுங்கியிருப்பது மட்டும் ஒருபோதும் ஆகாது. பூட்டியபின் பின்முனையைப் பெருவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். ஒரு தபாலட்டையின் தடிப்புக்கு மேல் அசைந்தால் பூட்டு வலுவில்லை, அல்லது உடலின் ஒட்டு வலுவில்லை.

வேலை செய்யும்போது மரமே உங்களுக்குச் செய்தி சொல்லும். கீறிய மரத்தின் ஓரம் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தோடு அணைத்து வந்த துண்டின் கீறுமுகம் கருகினால் பின்பக்கம் ஒடுங்கியிருக்கிறது. மற்றப் பக்கத்துத் துண்டு கருகினால் பின்பக்கம் மிதமிஞ்சி அகன்றிருக்கிறது. இரண்டும் சமமாகக் கருகினால் மட்டும் வாள் மழுங்கியிருக்கிறது என்று எண்ணலாம். கருகலைக் கண்டதும் வாளைக் கழற்றித் தீட்டக் கொடுப்பது நம்மிடையே உள்ள வழக்கம். தீட்டிய கூலிக்கு ஒரு கிழமை நன்றாக வெட்டும், பிறகு மறுபடியும் கருகும். குற்றம் வாளில் இல்லாதபோது தீட்டி என்ன பயன்?

உயிருள்ள மரம்

வழிச்சட்டம் எவ்வளவு நேராக நின்றாலும் மரம் நேராக நில்லாது. நாம் வாங்கும் மரம் சூளையில் உலர்த்தியதன்று. வேம்பும் மகோகனியும் பலவேளை பாதி ஈரத்தோடேயே நம்மிடம் வருகின்றன. மரத்தினுள் இழுவிசை அடங்கிக் கிடக்கிறது. கீறியவுடன் அது விடுபட்டு, பிளந்த இரண்டு பக்கமும் கத்தரிபோல் விரியும், அல்லது வாளை நெரித்துக்கொண்டு மூடும். தென்னையில் இந்தத் தொல்லை வேறுவிதம். 1978 நவம்பர் சூறாவளி நமது மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களைச் சாய்த்துப் போட்டதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தென்னையின் வெளிப்புறம் இரும்புபோல் வைரம், உள்ளே சோறு. வாள் வைரத்திலிருந்து சோற்றுக்கு வழுக்கிப் போகப் பார்க்கும். ஆகவே தென்னையில் வைரப் பக்கத்தை வழிச்சட்டத்தில் அணைத்துக்கொண்டு, மெதுவாகத் தள்ளுங்கள்.

விரியும் மரத்துக்கு ஒரு பரிகாரம் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் ஈர மரத்தையும் முழு மரத்தையும் கீறும்போது வழிச்சட்டத்தின் முகத்தைக் குட்டையாக வைத்துக்கொள்வார்கள். முகம் வாளின் முன்பற்களைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், வாளின் நடுவை எட்டுமுன்னே முடிந்துவிடும். அரிபட்ட மரம் அதற்குமேல் வலப்பக்கம் விரிய இடமிருக்கும், வாளின்மேல் நெரியாது. நமது சட்டத்துக்கும் இதைச் செய்யலாம். முகப்பலகையில் நீளமானது ஒன்று, குட்டையானது ஒன்று என இரண்டு செய்து, அதே போல்ட் துளைகளிற் பூட்டக் கூடியதாக வைத்திருங்கள். ஒட்டுப்பலகைக்கு நீளம், ஊர்மரத்துக்குக் குட்டை.

மூடும் மரத்துக்குக் குட்டைமுகம் உதவாது. அதற்குப் பிளவுத்தகடு வேண்டும். வாளுக்குப் பின்னால், அதே நேரில், அரிந்த பிளவுக்குள் நுழைந்து நிற்கும் உருக்குத் தகடு அது. தகட்டின் தடிப்பு வாளின் உடம்பைவிடக் கூடியதாயும் பல் வெட்டும் அகலத்தைவிடக் குறைந்ததாயும் இருக்க வேண்டும். பல் 3 மில்லிமீற்றர் வெட்டி, வாளின் உடம்பு 2 மில்லிமீற்றர் என்றால் இரண்டரை மில்லிமீற்றர்த் தகடு. வாளின் பல்லுக்கும் தகட்டுக்கும் இடையில் மேசை மட்டத்தில் 8 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி வேண்டாம். வாங்கிய இயந்திரத்தில் இது இருந்து, இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருப்பீர்களானால் இன்றைக்கே தேடிப் பூட்டுங்கள். நல்ல வழிச்சட்டமும் பிளவுத்தகடும் இரட்டை மாடுகள் போல. ஒன்றை மட்டும் பூட்டி வண்டி ஓட்ட முடியாது.

நமது பிரதேசத்து மரத்தில் இன்னொரு விடயம் உண்டு. போர்க்காலத்தில் நின்ற மரங்களுக்குள் சன்னமும் செல் துண்டும் புதைந்திருக்கக்கூடும். மேலே பட்டை மூடி வளர்ந்துவிடுவதால் வெளியே தெரியாது. வாளின் பல் அதில் பட்டால் பல் உடைந்து பறக்கும், மரமும் உதறும். கீறுமுன் காந்தம் ஒன்றை மரத்தின் மேல் நெடுக ஓட்டிப் பாருங்கள். ஆழத்தில் கிடப்பது காந்தத்துக்குப் பிடிபடாது, ஈயச் சன்னமும் பிடிபடாது. எனவே பலகையில் காரணமின்றிக் கறுத்த கறை ஓடியிருந்தால் அந்த இடத்தைக் கூர்ந்து பார்த்துத் தோண்டிப் பார்க்க வேண்டும். பழைய வீட்டு மரத்தில் ஆணி தேடுவதும் இதே முறைதான்.

கீறும்போது

புதிய வழிச்சட்டம் பூட்டிய உற்சாகத்தில் மறந்துவிடக்கூடிய சில உண்டு. வாள் சுழலும்போது சட்டத்தை நகர்த்த வேண்டாம். வாளின் பல் மரத்துக்கு மேலே கால் அங்குலம் தெரிந்தாற் போதும். வாளின் நேருக்கு நில்லாமல் சற்று இடப்பக்கம் விலகி நில்லுங்கள். கைக்கும் வாளுக்கும் இடையில் ஒரு சாண் தூரம் வேண்டும். அதைவிடக் குறுகிய துண்டுகளைத் தள்ளுகோலால் தள்ளுங்கள். அரை அங்குலத் தடிப்புப் பலகையில், பின்முனையில் ஒரு கொத்து வெட்டினால் அதுவே தள்ளுகோல். அதை மேசையிலேயே கயிற்றால் கட்டித் தொங்கவிடுவது நல்லது. கைக்கெட்டாத தள்ளுகோலை யாரும் எழுந்துபோய் எடுப்பதில்லை. கையுறை போட்டுக்கொண்டு வட்டவாளில் வேலை செய்யக் கூடாது. வாள் உறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்பவர்களும், சேலைத் தலைப்போடு உதவிக்கு நிற்கும் பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மரத்தைக் குறுக்கே துண்டு போடுவதற்கு வழிச்சட்டத்தை அளவுகோலாக வைப்பது பலரிடம் உள்ள பழக்கம். இதை முற்றாக விட்டுவிடுங்கள். அறுபட்ட குட்டைத் துண்டு சட்டத்துக்கும் வாளுக்கும் இடையில் தனியே அகப்பட்டு, திரும்பி, குண்டுபோலப் பறக்கும். வழிச்சட்டம் நீளவாக்கில் கீறுவதற்கு மட்டுமே.

மாரி தொடங்கும்போது, அதாவது நவம்பர் மாதமளவில், முகப்பலகை ஈரம் குடித்து உப்பும். கழற்றி நேர் பார்த்து, வேண்டுமானால் சீவி மீண்டும் பூட்டி, குச்சியால் ஒருபோக்குப் பார்த்துக் கொள்ளுங்கள். பங்குனியில் வெயில் ஏறும்போது மறுபடியும் ஒருமுறை.

குழுவில் செய்து பார்க்க: உங்கள் கிராமத்தில் மேசைவாள் உள்ள மூன்று நான்கு வீட்டார் ஒரு நாள் கூடுங்கள். 3 அடி நீளமுள்ள ஒரே மரத்துண்டில் இருந்து ஒவ்வொருவரும் தம் வாளில், அளவை மாற்றாமல், ஐந்து சட்டங்கள் கீறி வரட்டும். ஒவ்வொருவருடைய ஐந்தையும் மேசையில் அடுக்கி, முதலில் ஒரு முனையிலும் பிறகு மறுமுனையிலும் விரலால் தடவிப் பாருங்கள். எங்கே படி தட்டுகிறதோ அந்த வாளின் வழிச்சட்டத்தை எல்லோருமாகச் சேர்ந்து அளந்து, எந்தப் போல்ட், எத்தனை சுற்று என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.